தாய்மாரின் உயிர் காக்க வந்த கன்னியர் – மருத்துவ சகோதரி மேரி குளோரியின் வாழ்க்கை



யூபிலி ஆண்டு என்பது நன்றி கூறும் ஆண்டு. கோயிலைக் கட்டியவர்கள், பள்ளியைத் தொடங்கியவர்கள், மணியும் கொடிமரமும் தந்தவர்கள் ஆகியோரை எல்லாம் இம்மலரில் நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் கோயிலில் ஞானஸ்நானம் பெற ஒரு குழந்தை வந்து சேர வேண்டுமானால், முதலில் ஒரு தாய் அதை நலமாகப் பெற்றெடுக்க வேண்டும். பெற்றெடுத்த பின் அவள் பிழைத்திருக்கவும் வேண்டும். அந்த ஒரு காரியத்திற்காகத் தம் நாட்டையும் வீட்டையும் வருமானத்தையும் விட்டுக் கடல் கடந்து வந்த ஒரு கன்னியரைப் பற்றி நம் பங்கு மக்கள், அதிலும் நம் இளம் பெண்கள், அறிந்துகொள்வது நலம் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதுகிறோம். அவரே ஆஸ்திரேலிய நாட்டில் பிறந்து, நம் பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் 37 ஆண்டுகள் உழைத்த சகோதரி மேரி குளோரி.

செபம் வளர்த்த பிள்ளை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிர்ரகரா என்னும் சிற்றூரில் 1887-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் மேரி பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். பெற்றோர் ஐரிஷ் வழிவந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். பின்னர் குடும்பம் வாச்செம் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. மழை குறைந்த, கோதுமை விளையும் வறண்ட சீமை அது. குருவானவரும் மருத்துவரும் அங்கே எளிதில் கிடைக்கமாட்டார்கள். ஆகவே அவ்வீட்டில் நாள்தோறும் குருக்களுக்காகவும் மருத்துவர்களுக்காகவும் செபிக்கும் வழக்கம் இருந்தது. குருக்களுக்காகச் செபிக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. மருத்துவர்களுக்காகவும் சேர்த்துச் செபித்த அக்குடும்பத்தில் ஒரு மருத்துவரே தோன்றியது வியப்பன்று.

படிப்பில் கெட்டிக்காரியான மேரி, உதவித்தொகை பெற்று மெல்போர்ன் நகரம் சென்றார். பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப் பாடங்களைப் பயின்றவர், பின்பு தந்தையின் ஊக்கத்தால் மருத்துவத்திற்கு மாறினார். பெண் ஒருத்தி மருத்துவம் படிப்பதை ஊரார் ஐயத்தோடு பார்த்த காலம் அது. 1910-இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் கிடைத்தும், பயிற்சி மருத்துவராக அமர மெல்போர்னில் பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. ஆகையால் கடல் கடந்து நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். பிறகு மெல்போர்ன் திரும்பி, நகரின் முதன்மையான காலின்ஸ் தெருவில் தனி மருத்துவ நிலையம் நடத்தினார். கண், காது மருத்துவமனையிலும் புனித வின்சென்ட் மருத்துவமனையிலும் பணி செய்தார். நல்ல பெயர், நல்ல வருமானம், மதிப்புள்ள நட்பு ஆகிய யாவும் முப்பது வயதுக்குள் அவருக்குக் கிடைத்துவிட்டன.

ஒரு சிறு நூல் செய்த வேலை

1915-ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் மேரியின் கைக்கு ஒரு சிறு நூல் வந்து சேர்ந்தது. இந்தியாவில் தக்க மருத்துவ உதவியின்றித் தாய்மாரும் குழந்தைகளும் மடிவதைப் பற்றியும், அவர்களுக்காக உழைத்த டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையாரைப் பற்றியும் அது பேசியது.

இந்த ஆக்னஸ் அம்மையார் யார்? ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1837-இல் பிறந்தவர். தம் நாட்டில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டதால் பிரான்சு சென்று மோன்ட்பெல்லியே நகரில் படித்து, 1878-இல் மருத்துவரானவர். அறுபது வயதைக் கடந்த பின் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியவர். வடமேற்கில் இராவல்பிண்டிப் பகுதியில், கோஷா முறையில் வீட்டுக்குள் வாழும் பெண்கள் ஆண் மருத்துவரிடம் தங்களைக் காட்டிக்கொள்ள முடியாமல் பிரசவத்தில் இறக்கின்றனர் என்று அறிந்து, அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை ஒன்று ஏற்படக் காரணமாயிருந்தார். எழுபது வயதுக்கு மேல் தாமே அங்கு சென்றும் வந்தார். 1913-இல் அவர் காலமானார். அவர் ஏற்றி வைத்த விளக்கின் ஒளி, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மெல்போர்னில் மேரியின் உள்ளத்தில் விழுந்தது.

தம் வாழ்வு எதற்கு என்பது அன்றே மேரிக்குத் தெளிவாயிற்று. ஆயினும் உணர்ச்சி வேகத்தில் அவர் கப்பல் ஏறிவிடவில்லை. 1916-இல் தொடங்கப்பெற்ற கத்தோலிக்கப் பெண்கள் சமூகச் சங்கத்தின் முதல் தலைவியாகப் பொறுப்பேற்று உழைத்தார். போர் முடியும் வரை காத்திருந்த ஆண்டுகளில், தாய்மாருக்கு மிகவும் தேவைப்படும் பேறுகால மருத்துவத்தையும் பெண் நோய் மருத்துவத்தையும் கண் மருத்துவத்தையும் மேலும் கற்று, 1919-இல் மருத்துவ மேற்பட்டம் பெற்றார். நல்ல மனம் மட்டும் போதாது, தேர்ந்த கையும் வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

வழியில் நின்ற தடை

இங்கே நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். அந்நாளில் ஒரு கன்னியர் மருத்துவராகத் தொழில் செய்யத் திருச்சபையின் ஒழுங்கு இடம் தரவில்லை. அதிலும் பிரசவம் பார்ப்பது கன்னியருக்கு உரிய பணியாகக் கருதப்படவேயில்லை.

இதன் வேர் மிகப் பழையது. துறவிகள் பொருளாசையால் மடத்தை விட்டு மருத்துவத் தொழிலுக்குப் போவதை 12-ஆம் நூற்றாண்டிலேயே சங்கங்கள் தடுத்தன. குருக்கள் அறுவை மருத்துவம் செய்வதும் 1215-ஆம் ஆண்டுச் சங்கத்தில் விலக்கப்பட்டது. காலப்போக்கில், கற்பு வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் பேறுகால அறைக்குள் நிற்பது தகாது என்னும் எண்ணமும் வலுப்பெற்றது. நோயாளியின் புண்ணைக் கழுவலாம், தொழுநோயாளியை அணைக்கலாம், சாகிறவரின் தலைமாட்டில் விழித்திருக்கலாம். ஆனால் வேதனைப்படும் ஒரு தாயின் அருகே மருத்துவக் கருவியுடன் நிற்கலாகாது. ஒழுங்கு அமைத்தவர்களின் நோக்கம் நல்லதே. எனினும் ஆண் மருத்துவர் நுழைய முடியாத வீட்டில், பெண் மருத்துவரும் இல்லையென்றால், அத்தாயின் கதி என்ன? ஆக்னஸ் அம்மையார் ரோமாபுரிக்குத் திரும்பத் திரும்ப முறையிட்டது இந்தக் கேள்வியைத்தான். அவர் உயிரோடிருந்த வரையில் தடை நீங்கவில்லை.

மேரியோ கன்னியராகவும் இருக்க விரும்பினார், மருத்துவராகவும் இருக்க விரும்பினார். 1920-ஆம் ஆண்டு சனவரியில் ஆஸ்திரேலியாவை விட்டுப் புறப்பட்டு, பிப்ரவரியில் சென்னை வந்து இறங்கி, குண்டூர் சேர்ந்தார். 1904 முதல் அங்கே பணி செய்துவந்த ஹாலந்து நாட்டு இயேசு மரி சூசை சபைக் கன்னியர்கள் அவரை வரவேற்றனர். அச்சபையில் சேர்ந்து, திரு இருதய மரி என்னும் துறவறப் பெயர் பூண்டார். கன்னியராக இருந்துகொண்டே மருத்துவப் பணி செய்யப் பாப்பரசர் 15-ஆம் பெனடிக்ட் அவருக்குத் தனி அனுமதி அளித்தார். இவ்விதம் அனுமதி பெற்று மறைபரப்பு நாட்டில் மருத்துவராகப் பணியாற்றிய முதல் கன்னியர் என்று அவர் போற்றப்படுகிறார்.

தாய்மார் ஏன் மாண்டனர்?

சென்னை நகரில் எழும்பூர்ப் பிரசவ மருத்துவமனை 1844 முதலே இருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918-இல் தொடங்கியிருந்தார். ஆனால் மாகாணத்தின் எண்ணற்ற கிராமங்களுக்கு இவை எட்டாத் தொலைவில் இருந்தன. அங்கே பிரசவம் என்பது வீட்டின் இருட்டறையில், ஊர் மருத்துவச்சியின் கையில் நடந்த காரியம். அம்மருத்துவச்சிகளில் அனுபவமும் அன்பும் நிறைந்தவர்கள் பலர். ஆயினும் சில ஆபத்துகளுக்கு அவர்களிடம் விடை இல்லை.

அந்த ஆபத்துகள் எவை? முதலாவது, உதிரப்போக்கு. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளிவந்ததும் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். சுருங்காவிடில் இரத்தம் பெருக்கெடுத்து, நல்ல உடற்கட்டுள்ள தாயும் சில மணி நேரத்திற்குள் இறந்துபோகலாம். இரண்டாவது, இரத்தக் கொதிப்பு ஏறி வரும் வலிப்பு. இதைப் பேய்க்கோளாறு என்று எண்ணி மந்திரிக்கப் போனவர் பலர். மூன்றாவது, குழந்தை குறுக்கே கிடப்பதாலோ இடுப்பெலும்பு குறுகியிருப்பதாலோ பிரசவம் தடைப்பட்டு நாள்கணக்கில் நீளுதல். நான்காவது, கழுவாத கையாலும் அழுக்குத் துணியாலும் நச்சுக் கிருமி புகுந்து வரும் பிரசவக் காய்ச்சல். கையைச் சுத்தம் செய்தால் இக்காய்ச்சல் குறையும் என்பதை வியன்னா நகர மருத்துவர் செம்மல்வைஸ் 1847-லேயே காட்டியிருந்தார். அவ்வுண்மை நம் கிராமங்களை எட்ட வெகு காலம் ஆயிற்று.

செல்வ நாடுகளும் அன்று இதற்கு விலக்கல்ல. 1930-களின் நடுப்பகுதி வரை இங்கிலாந்திலேயே 1,000 பிரசவங்களுக்கு ஏறத்தாழ 4 தாய்மார் இறந்துவந்தனர். கிருமியைக் கொல்லும் சல்பா மருந்துகளும், பின்னர் பென்சிலினும், இரத்தம் ஏற்றும் வசதியும் வந்த பிறகே அந்நிலை மாறியது. அப்படியானால் மருந்தும் இன்றி, மருத்துவரும் இன்றி இருந்த குண்டூர்ச் சீமையின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாகும் தறுவாயிலுள்ள சிசுவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முறையை அந்நாளைய குருக்கள் கத்தோலிக்க மருத்துவச்சிகளுக்குத் தவறாமல் கற்பித்துவந்தனர். ஆன்ம இரட்சணியத்தில் அத்தனை கவலை அவர்களுக்கு. அதே மருத்துவச்சிக்கு, பிரசவம் பார்க்குமுன் கையைக் கழுவவும் கத்தியைக் கொதிநீரில் இடவும் கற்பிக்க ஆள் இல்லை. இந்தக் குறையைத் தீர்க்கவே சகோதரி மேரி வந்தார் என்று நாம் சொல்லலாம்.

இரு கைகள் பல கைகளாயின

குண்டூர்க் கன்னியர் மடத்தை ஒட்டி இருந்தது ஒரு சிறு மருந்தகம். அங்கே நின்றுகொண்டுதான் சகோதரி தம் பணியைத் தொடங்கினார். நோயாளிகள் சாரிசாரியாக வந்தனர். சாதியும் மதமும் அங்கே கேட்கப்படவில்லை. அவர் தெலுங்கு மொழியைக் கற்றார். நம் நாட்டு மூலிகைகளின் குணங்களையும் அக்கறையோடு ஆராய்ந்து, பயனுள்ளவற்றைக் கையாண்டார். அயல்நாட்டு மருந்து விலை மிகுந்தது, எப்போதும் கிடைப்பதும் இல்லை. இங்குள்ளதைக் கொண்டே இங்குள்ளவரைக் குணமாக்க முடிந்தால் அதுவே நிலைக்கும் என்று அவர் கருதினார். நாளடைவில் அம்மருந்தகம் புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. அவர் காலத்திலேயே அங்கு மருத்துவம் பெற்றவர்களின் தொகை பல இலட்சத்தைத் தாண்டியது.

ஆனால் அவருடைய உண்மையான பெருமை இத்தொகையில் இல்லை என்பதே நம் கருத்து. ஒரு மருத்துவர் எத்தனை இரவுகள் விழித்திருக்க முடியும்? ஒரே நேரத்தில் மூன்று ஊர்களில் மூன்று பெண்களுக்கு வலி கண்டால் அவர் எங்கே போவார்? இதை உணர்ந்த சகோதரி, தொடக்கத்திலிருந்தே உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்தார். மருந்து கலப்போராகவும் தாதியராகவும் மருத்துவச்சிகளாகவும் அவர்களை உருவாக்கினார். எந்தப் பிரசவம் இயல்பானது, எது ஆபத்தானது என்று காலத்தோடு கண்டறியும் ஒருத்தி ஊரில் இருந்தால், ஆபத்து முற்றுமுன் தாயை மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். பிரசவத்தில் நேரும் சாவுகளில் பெரும்பாலானவை தாமதத்தால் நேர்பவை. ஆபத்தை அறியத் தாமதம், போய்ச்சேரத் தாமதம், போன இடத்தில் உதவி கிடைக்கத் தாமதம் என்று இன்று மருத்துவ அறிஞர் மூன்றாகப் பிரித்துச் சொல்வர். இவற்றுள் முதல் தாமதத்தைப் போக்க ஊருக்குள்ளேயே பயிற்சி பெற்ற பெண் வேண்டும். வெளிநாட்டுச் சகோதரி ஒருநாள் மறைந்துபோவார், ஊர்ப் பெண் கற்ற வித்தை ஊரிலேயே தங்கும்.

தடை நீங்கிய நாள்

ஒருவருக்குக் கிடைத்த தனி அனுமதி எல்லாருக்கும் வழியாக வேண்டாமா? அதற்கு உழைத்தவர்களுள் முக்கியமானவர் ஆஸ்திரிய நாட்டு டாக்டர் அன்னா டெங்கல். இவரும் ஆக்னஸ் அம்மையாரால் தூண்டப்பட்டவரே. 1920-இல் இராவல்பிண்டி மருத்துவமனைக்கு வந்து பணி செய்து, 1925-இல் அமெரிக்காவில் மருத்துவ மறைப்பணிக் கன்னியர் சபையைத் தொடங்கினார். எனினும் அச்சபையினர் முழு வார்த்தைப்பாடு கொடுத்த துறவியராக ஏற்கப்படப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இறுதியில் 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து மாதா திருநாளன்று, பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் காலத்தில், மறைபரப்புப் பேராயம் ஓர் ஆணையோலை வெளியிட்டது. மறைபரப்பு நாடுகளில் தாய்மார், குழந்தைகள் ஆகியோரின் உயிரைக் காக்கக் கன்னியர்கள் மருத்துவமும் தாதிமைக் கல்வியும் பேறுகாலப் பணியும் முறைப்படி கற்றுச் சான்றிதழ் பெறுவதை அது அனுமதித்ததோடு நில்லாமல் ஊக்குவிக்கவும் செய்தது. நூற்றாண்டுகளாக மூடியிருந்த கதவு திறந்தது. இன்று நம் மறைமாவட்டங்களில் பிரசவ விடுதி நடத்தும் கன்னியரைக் காணும்போது, இது என்றும் இருந்துவந்த வழக்கம் என்று நாம் எண்ணிவிடலாகாது. சிலர் காத்திருந்து, மன்றாடி, கீழ்ப்படிதல் குன்றாமல் பெற்றுத் தந்த உரிமை இது.

கடைசி ஆண்டுகள்

தனித்தனியே உழைத்த கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்று சேர்க்க வேண்டும் என்பது சகோதரி மேரியின் அடுத்த எண்ணம். 1943-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரின் நெருக்கடிக்கிடையே, சில கன்னியர்களை மட்டும் துணைகொண்டு இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகள் சங்கத்தை நிறுவினார். இன்று நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்ட நிலையங்கள் அதில் இணைந்துள்ளன. அவற்றில் மிகப் பல, சாலை வசதி குறைந்த கிராமங்களிலுள்ள சிறு மருந்தகங்களே. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று இந்தியாவில் எழ வேண்டும் என்றும் அவர் ஆவல் கொண்டிருந்தார். அதை அவர் கண்கள் காணவில்லை. 1963-இல் பெங்களூரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றபோது அந்த ஆவல் நிறைவேறிற்று.

சகோதரி மேரி குளோரி தாய்நாட்டுக்கு ஒரு முறையேனும் திரும்பிச் செல்லவில்லை. நோயுற்று, வேதனைகளைப் பொறுமையோடு தாங்கி, 1957-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பெங்களூரில் இறைவனடி சேர்ந்தார். 2013-இல் அவருக்கு இறை ஊழியர் என்னும் பெயர் வழங்கப்பெற்றது.

நாம் செய்ய வேண்டுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பின் இன்றைய நிலை என்ன? மகிழத்தக்க மாற்றம் உண்டு. 2018 முதல் 2020 வரையிலான கணக்குப்படி, இந்தியாவில் உயிரோடு பிறந்த ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் இறந்தனர். நம் தமிழ்நாட்டில் இது 54. இங்கே ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடைபெறுகின்றன. கிராமத்துச் செவிலியரும், ஆரம்ப சுகாதார நிலையங்களும், 108 வண்டியும் இதற்குப் பெரும் காரணம். ஆனால் உலகம் முழுவதும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2,60,000 தாய்மார் கர்ப்பத்தினாலும் பிரசவத்தினாலும் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதாவது நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்கள். மேரி குளோரியும் அவர் தோழியரும் எதிர்த்துப் போராடிய அதே உதிரப்போக்கும் இரத்தக் கொதிப்பும் இன்றும் முன்வரிசையில் நிற்கின்றன.

நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த ஆய்வின்படி, கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். இரத்தம் குறைந்த உடல், பிரசவத்தின்போது சிறிது இரத்தம் போனாலும் தாங்காது. ஆகவே நம் பங்கிலுள்ள மாதா சபையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் இளைஞர்களும் இந்த யூபிலியின் நினைவாகச் சிலவற்றை மேற்கொள்ளலாம். அன்பியத்தில் ஒரு பெண் கர்ப்பமானால், முதல் மூன்று மாதத்திற்குள் அவள் பெயர் சுகாதார நிலையத்தில் பதிவாகிவிட்டதா என்று விசாரிப்போம். இரும்புச் சத்து மாத்திரையைப் பெட்டியில் போட்டு வைக்காமல் விழுங்கச் செய்வோம். கீரையும் முட்டையும் பயறும் முதலில் அவள் தட்டில் விழட்டும், அவள் எல்லாருக்கும் பின்னால் உண்ண வேண்டாம். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், உதிரம் காணுதல் ஆகிய எதுவும் சாதாரணமென்று மாமியாரோ கணவரோ காலம் தாழ்த்த வேண்டாம். நம் இளைஞர்கள் தங்கள் இரத்த வகையை எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுத்து வைக்கட்டும், நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் போகட்டும். படிப்பில் சிறந்த ஏழைப் பெண் ஒருத்தியைத் தாதியர் கல்விக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பை நம் பங்கு ஏற்குமானால், யூபிலிக்கு அதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.

நம் தேவதாய், கருவுற்றிருந்த எலிசபெத்தம்மாளை நாடி மலைநாட்டுக்கு விரைந்து சென்று, மூன்று மாதம் உடனிருந்து உதவினார்கள் என்று சுவிசேஷத்தில் காண்கிறோம். செபமாலையில் அந்தத் தேவ இரகசியத்தைத் தியானிக்கும்போதெல்லாம், நம் தெருவில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண் யார் என்று நினைத்துப் பார்ப்போம். அவளுக்காகச் செபிப்போம். செபித்து எழுந்தவுடன் அவள் வீட்டுக்குப் போய் விசாரித்தும் வருவோம்.